காதில் விழாத இடைவெளி

அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்து விட்டுக்கிடலாமா? காத்து மூஞ்சியில அடிக்கு. ஆங், போதும். நீங்க தூத்துக்குடி வரைக்குமா? நானும் அங்கனதான். பேசிக்கிட்டே போகலாம்.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போயிட்டு வாரேன். ஒரு பிள்ளைக்கு இன்னைக்கு வாய்மொழித் தேர்வு. டாக்டர் பட்டம் வாங்குதுக்கு முன்னால எல்லாரு முன்னாலயும் நின்னு பேசணும்லா, அது. சொந்தக்காரப் பிள்ள கிடையாது. எங்க ஆபீஸ்ல ஆராய்ச்சி பண்ணின பிள்ள. பேரு இசக்கியம்மாள். கூப்பிட்டாளான்னு கேட்டா, தனியா கூப்பிடல. யாரும் வரலாம்னு நோட்டீஸ் போட்டிருந்தாவ. லீவு போட்டுட்டு, இந்தச் சட்டையைத் தேய்ச்சு மாட்டிக்கிட்டுப் போனேன்.

நல்லாத்தான் பேசினா. குறை சொல்ல முடியாது. கடைசியில நன்றி சொல்லுத இடம் வந்துது. வழிகாட்டி சுகந்தி மேடத்துக்கு நன்றி. படகு ஓட்டுத ரொட்ரிகோவுக்கு நன்றி. ஆஸ்டல்ல சோறு பொங்குத அம்மாவுக்கு நன்றி. மைக்கு ரிப்பேர் பாத்த கடைக்காரனுக்குக்கூட நன்றி. நான் பின் வரிசையில உக்காந்திருந்தேன். இப்ப வரும், இப்ப வரும்னு பாக்கேன். வரல. வெளிய மேசையில தீசிஸ் புத்தகம் வச்சிருந்தாவ. அதையும் எடுத்து முன்பக்கம் புரட்டிப் பாத்தேன். அதுலயும் இல்ல.

பேருக்கு அலையுத ஆளு இல்ல நான். ஆனா நீங்களே சொல்லுங்க. அந்தப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர்ல அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தது யாரு? இந்தத் தேவசகாயம்தான்.

எங்க ஆபீஸ் கடல் ஆராய்ச்சி நிலையம். எந்த நிலையம்னு கேக்காதீங்க, பேரு வேண்டாம். அங்க கம்ப்யூட்டர் அத்தனையும் என் பொறுப்பு. எல்லாரு வேலையும் ஒரு பெரிய மெஷின்ல இருக்கும். அதுல லினக்ஸ் ஓடும். நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர் மாதிரி படத்தைத் தொட்டா தொறக்குத கதை கிடையாது. கருப்புத் திரை. நாம எழுத்துல கட்டளை அடிக்கணும், அது செய்யும். புதுசா வார பிள்ளைங்களுக்கு முதல் வாரம் என் கிளாஸ்தான். ஃபோல்டரைத்தான் நான் அறைன்னு சொல்லுவேன். எல்.எஸ். அடிச்சா இந்த அறையில என்னென்ன இருக்குன்னு காட்டும். சி.டி. அடிச்சு அறை பேரைச் சொன்னா அந்த அறைக்குள்ள போவலாம். பி.டபிள்யூ.டி. அடிச்சா நீ இப்ப எந்த அறையில நிக்கேன்னு சொல்லும். ரோடு போடுத ஆபீஸ் இல்லன்னு சொல்லுவேன், சிரிப்பாங்க. சி.பி. நகல் எடுக்கும். எம்.வி. இடம் மாத்தும், பேரு மாத்தவும் அதேதான். ஆர்.எம். அழிக்கும். அதைச் சொல்லும்போது மட்டும் குரலை ஏத்திச் சொல்லுவேன். வீட்டுக் கம்ப்யூட்டர்ல அழிச்சா குப்பைத்தொட்டியில கிடக்கும், எடுத்துக்கிடலாம். இங்க தொட்டியே கிடையாது. போனா போனதுதான்.

இசக்கி விளாத்திகுளம் பக்கம். கடல் உயிரியல்ல கெட்டிக்காரி. ஆனா கருப்புத் திரைன்னா தடுமாறிப் போவா. சி.டி.யையும் அறை பேரையும் ஒண்ணாச் சேத்து அடிச்சிருவா. நடுவுல இடைவெளி விட மாட்டா. அப்படி ஒரு கட்டளையே இல்லன்னு மெஷின் சொல்லும். அவ திரும்பவும் அதையே அடிப்பா. நான் எல்லாரையும் அவ நாற்காலிக்குப் பின்னால நிக்க வச்சேன். இப்ப அடி, எல்லாரும் பாக்கட்டும்னு சொன்னேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல இடைவெளி. கட்டளை, இடைவெளி, பேரு, இடைவெளி. ஸ்கேலால மேசையில தட்டித் தட்டிச் சொன்னேன். அவ கழுத்தெல்லாம் வேர்த்துப் போச்சு. ஆனா அதுக்கப்புறம் அந்தத் தப்பு அவகிட்ட வரவே இல்ல. அப்படித்தான் சொல்லிக் கொடுக்கணும். பயம் இருந்தாத்தான் பாடம் நிக்கும்.

அவ ஆராய்ச்சி என்ன தெரியுமா? பவளப்பாறைச் சத்தம். நம்ம தீவுப் பக்கம் கடலுக்கு அடியில பவளப்பாறை இருக்குல்லா, அங்க போயி தண்ணிக்குள்ள மைக்கை இறக்கிச் சத்தம் பதிவு பண்ணுவா. ஒரு சீசன் முழுக்க ரொட்ரிகோ படகுல போனா. முதல்ல வாந்தியும் மயக்கமுமா கிடந்தாளாம், விடலியே. ஒரு நாள் என் ரூமுக்கு வந்து, "கேளுங்க சார்"னு ஹெட்போனை என் காதுல மாட்டிவிட்டா. எண்ணெயில கடுகு வெடிக்க மாதிரி ஒரு சத்தம். ஒரு கரண்டி கடுகு இல்ல, ஒரு ஊரு கடுகு. சின்ன இறால் ஒண்ணு இருக்காம், அது கொடுக்கைச் சொடுக்குத சத்தமாம். நடுவுல ஏதோ உறுமுது. அது மீனாம். எத்தனை சத்தம் கேக்கோ அத்தனைக்குப் பாறை உயிரோட இருக்குன்னு அர்த்தம்னு சொன்னா.

நான் பிறந்தது கடக்கரையில. என் அப்பாவும் கடலுக்குப் போனவருதான். கடலுக்குள்ள இவ்வளவு பேச்சு நடக்குதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். ஹெட்போனைக் கழட்ட மனசே வரல. அவ சிரிச்சா. "இதெல்லாம் பத்திரமா இருக்கணும் சார்"னு சொன்னா. "என் மெஷின்ல இருக்க வரைக்கும் உனக்குக் கவலையே வேண்டாம்"னு சொன்னேன்.

சொன்னதுக்குக் காரணம் இருக்கு. அவ சொந்தமா ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, எல்லாத்தையும் ஒரு நகல் எடுத்து ஆஸ்டல்ல வச்சுக்கிடட்டுமான்னு கேட்டிருந்தா. முடியாதுன்னுட்டேன். வெளி டிஸ்க்கு, பென் டிரைவு எதுவும் என் லேபுக்குள்ள வரக்கூடாது. வைரஸ் வந்துட்டா யாரு பதில் சொல்லுதது? சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆபீஸ் செலவுல நகல் எடுக்க ஒரு டிஸ்க்கு கேட்டு நானே எழுதிப் போட்டிருந்தேன். அது வரல. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?

அன்னைக்கு மதியம். மெஷின்ல இடம் நிரம்பிப் போச்சு. வேற ஒரு பிரிவுல இருந்து செயற்கைக்கோள் படங்கள் வந்து காத்துக் கிடக்கு. இடம் கிடைச்ச உடனே தன்னால உள்ள வந்து இறங்குத மாதிரி நான் ஏற்பாடு பண்ணி வச்சிருந்தேன். எல்லாரும் அவங்கவங்க வேண்டாததை அழிங்கன்னு சொல்லிட்டேன். இசக்கியோட அறையில அவ ஓட்டுத புரோகிராம் தின்னு துப்பின சக்கை நிறைய கிடந்துது. டெம்ப் ஒண்ணு, டெம்ப் ரெண்டுன்னு எல்லாம் டெம்ப்ல ஆரம்பிக்கும், டெம்பரரிங்கதோட சுருக்கம். அதே அறையிலதான் அந்த சீசன் பதிவும் இருந்துது.

நான் பக்கத்து ரூம்ல போன்ல இருந்தேன். கதவு தொறந்துதான் கிடந்துது. அவ வாசல்ல வந்து நின்னு, "சார், அழிக்கும்போது ஒரு தடவை கூட வந்து நில்லுங்களேன். எனக்குப் பயமா இருக்கு"ன்னு சொன்னா.

"இதுக்கெல்லாம் எந்திரிச்சு வரணுமா? போயி உக்காரு, இங்கயிருந்தே சொல்லுதேன், அடி"ன்னேன்.

சொன்னேன். ஆர்.எம்., ஹைஃபன் ஆர், டெம்ப், ஸ்டார். அவ்வளவுதான் கட்டளை. ஹைஃபன் ஆர்னா உள்ள இருக்க சின்ன அறைகளையும் சேத்து அழின்னு அர்த்தம். ஸ்டார்னா நட்சத்திரக் குறி. டெம்ப்போட ஒட்டி ஸ்டாரைப் போட்டா, டெம்ப்னு ஆரம்பிக்க எல்லாத்தையும் அழின்னு அர்த்தம். ஆனா நடுவுல இடைவெளி விட்டுட்டா அதுக்கு அர்த்தமே வேற. டெம்ப்னு ஒண்ணு இருந்தா அதையும் அழி, அதுபோக இந்த அறையில இருக்க எல்லாத்தையும் அழி. ஸ்டார் தனியா நின்னா எல்லாம்னு அர்த்தம்.

அவ இடைவெளி விட்டுட்டா.

நான் இடைவெளின்னு சொன்னேனா? சொல்லல. ஒட்டி அடின்னும் சொல்லல, அது வேற விஷயம். வாயால சொல்லும்போது ஒட்டிச் சொன்னாலும் பிரிச்சுச் சொன்னாலும் ஒரே சத்தம்தானே. அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

அங்கயிருந்து சத்தம் கொடுத்தா. "சார், டெம்ப்னு ஒண்ணு இல்லன்னு சொல்லுது."

"சரி விடு, ஏற்கனவே அழிஞ்சிருக்கும்"னேன்.

"அடுத்த கட்டளை அடிக்க இடம் வரல சார். அப்படியே நிக்குது. நிறுத்தட்டுமா?"

"அது வேலை செய்யுது. கையை வச்சுக்கிட்டு சும்மா இரு"ன்னேன். நான் போன்ல ஒரு முக்கியமான ஆளுகிட்டப் பேசிக்கிட்டிருக்கேன். நடுவுல நடுவுல கூப்பிட்டா எப்படி இருக்கும்?

அப்புறம் மெதுவா, "சார், எல்.எஸ். அடிச்சா ஒண்ணுமே காட்டல"ன்னா.

"எந்த அறையில நிக்க? பி.டபிள்யூ.டி. அடிச்சுப் பாரு."

"என் அறையிலதான் சார் நிக்கேன்."

போனை வச்சுட்டுப் போனேன். உண்மைதான். அறை இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல. அவ அழல. கையை மடியில வச்சுக்கிட்டுத் திரையையே பாத்துக்கிட்டிருந்தா. அழுதிருந்தாக்கூட நான் ரெண்டு வார்த்தை ஆறுதலாச் சொல்லியிருப்பேன். எனக்கு என் கவலை. மெஷின் என் பொறுப்பு. முதல் கேள்வி என்கிட்டத்தானே வரும்?

அவ எந்திரிச்சு நின்னு, "சார், அழிஞ்ச உடனே மெஷினை நிறுத்திட்டா திருப்பி எடுக்க வாய்ப்பு இருக்குன்னு எங்கயோ படிச்சேன். நிறுத்துவோமா சார்?"னு கேட்டா.

"எனக்கே சொல்லித் தாறியா? தள்ளு"ன்னேன்.

உக்காந்தேன். யாரு எந்த நேரத்துல என்ன அடிச்சாங்கன்னு மெஷின் குறிச்சு வச்சிருக்கும். தேடினேன். கிடைச்சுது. ஆர்.எம்., ஹைஃபன் ஆர், டெம்ப், ஒரு இடைவெளி, ஸ்டார். கண்ணால பாத்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்துது. அதைப் படம் பிடிச்சேன். அவ அந்த வாரம் அடிச்ச கட்டளை எல்லாத்தையும் எடுத்தேன், நான் அடிச்சதையும் எடுத்தேன், வித்தியாசம் தெரியணும்லா. இயக்குநருக்கு அறிக்கை எழுதினேன். சாயந்திரம் வரைக்கும் தலை நிமிரல. அவ அவ்வளவு நேரமும் எனக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டிருந்தாளாம். சுகந்தி மேடம் வந்து கூட்டிக்கிட்டுப் போகும்போதுதான் பாத்தேன்.

அந்தச் செயற்கைக்கோள் படம் பாட்டுக்கு உள்ள வந்து இறங்கிக்கிட்டுத்தான் இருந்துது. இடம்தான் கிடைச்சிருச்சே.

மறுநாள் விசாரணை வச்சாவ. என் அறிக்கையில ஒரு எழுத்து தப்புக் கண்டுபிடிக்க முடியல. அவகிட்ட மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினாவ. நான் அப்பவும் அவளுக்காகத்தான் பேசினேன். சின்ன ஊருப் பிள்ள, பழக்கம் இல்ல, கடுமையா ஒண்ணும் செய்யாதீங்கன்னு சொன்னேன். மேடம் என்னை ஒரு மாதிரி பாத்தாவ. அப்புறம் நான் எல்லா மெஷின்லயும் ஒரு மாத்தம் பண்ணினேன். ஆர்.எம். அடிச்சா, அழிக்கட்டுமான்னு ஒவ்வொண்ணுக்கும் கேக்கும். நாம ஆமான்னு சொன்னாத்தான் அழிக்கும். "இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே"ன்னு மேடம் கேட்டாவ. முதல்ல யாரும் தப்புப் பண்ணலையே மேடம்னு சொன்னேன்.

அடுத்து வார பிள்ளைங்க கத்துக்கிடட்டும்னு அந்தக் கட்டளையைப் பிடிச்ச படத்தைப் பெருசா அச்சடிச்சு லேப் கதவுல ஒட்டினேன். இடைவெளியில மட்டும் சிவப்புல ஒரு வட்டம். பேரை அழிச்சிட்டேன், அந்த நாகரிகம் எனக்குத் தெரியும். யாருன்னு எல்லாருக்கும் தெரியும்ங்கது வேற. அவ அந்தக் கதவைத் தாண்டி உள்ள வாரதை நிறுத்திட்டா. யாருகிட்டயோ பழைய லேப்டாப் ஒண்ணை வாங்கிக்கிட்டு ஆஸ்டல்லயே உக்காந்து வேலை பாத்தா. வழியில பாத்தா வணக்கம் சொல்லுவா. குறையா ஒண்ணும் நடந்துக்கிட மாட்டா. வணக்கம் சார்னு சொல்லிட்டுப் போயிருவா. அவ்வளவுதான்.

மெஷின்ல இருந்த டிஸ்க்கைக் கழட்டிக் கொச்சிக்கு அனுப்பினாவ. அங்க அழிஞ்சதைத் தோண்டி எடுக்க ஆளு இருக்கு. அவன் போன் போட்டு, மெஷினை எப்ப நிறுத்தினியன்னு கேட்டான். சாயந்திரம்னேன். "ஏன் சார் அவ்வளவு நேரம் ஓட விட்டிய? அழிஞ்ச இடத்துமேல புதுப் படம் எல்லாம் வந்து உக்காந்திருச்சே. உடனே நிறுத்தியிருந்தா பாதிக்குமேல எடுத்திருக்கலாம்"னான். அந்த ஆளுகளுக்கு அப்படிச் சொல்லுததுதான் வழக்கம். தன்னால முடியலன்னா அடுத்தவன்மேல போடுதது. நான் இதை ஆபீஸ்ல யாருகிட்டயும் பெருசாச் சொல்லிக்கிடல. என்னத்துக்கு? வந்தது கொஞ்சம் உடைஞ்ச துண்டு. கேட்டா வெறும் இரைச்சல்.

அவ விடல. திரும்பவும் ரொட்ரிகோ படகுல ஏறினா. ஆனா அந்தக் கோடையில கடல் கொதிச்சுப் போச்சு. பேப்பர்ல நீங்களும் படிச்சிருப்பிய. பவளம் எல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துப் போச்சு. அதே இடத்துல அதே மைக்கை இறக்கினா, ஒண்ணு ரெண்டு சொடுக்குச் சத்தம். அவ்வளவுதான். பாறை எப்படி இருந்துதுன்னு காட்ட அவகிட்ட ஒண்ணும் இல்ல. எப்படி ஆச்சுன்னு மட்டும்தான் இருக்கு. தலைப்பை மாத்தி எழுதினா. கூடப் படிச்சதுங்க எல்லாம் முடிச்சு வேலைக்குப் போயிட்டுதுங்க. பேசி வச்சிருந்த மாப்பிள்ளை வீடும் காத்திருக்க முடியாதுன்னுட்டாவளாம். அது நான் கேள்விப்பட்டதுதான்.

இன்னைக்கு என்ன செஞ்சா தெரியுமா? பேச்சு நடுவுல, "பாறை முன்னால எப்படி இருந்துதுன்னு என்கிட்ட இருக்க ஒரே பதிவு இது"ன்னு சொல்லி ஒரு சத்தத்தைப் போட்டா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அதே கடுகு. அதே உறுமல். அந்த அரங்கம் முழுக்க வெடிச்சுது. எப்படி வந்துதுன்னா, அப்பவே ஒரு துண்டை ரொட்ரிகோ போனுக்கு அனுப்பியிருக்கா. அவன் மக கேக்கணும்னு ஆசைப்பட்டாளாம். அந்தப் பிள்ள அதை அழிக்காம வச்சிருந்திருக்கு. ஆபீஸ் பதிவை வெளி ஆளு போனுக்கு அனுப்புதது சட்டப்படி தப்பு. நான் ஒண்ணும் சொல்லல. சத்தம் சீக்கிரம் முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் இப்ப உள்ள பதிவைப் போட்டா. முன் வரிசையில ஒரு பேராசிரியரு கண்ணாடியைக் கழட்டிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. நான் தண்ணி குடிச்சேன்.

முடிஞ்சு வெளிய வந்ததும் எல்லாரும் கை கொடுக்காவ. கூட்டம் குறையட்டும்னு நின்னு, கடைசியாப் போனேன். "நல்லா இருந்துதும்மா"ன்னேன். "வந்தது சந்தோஷம் சார்"னா. கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன், கேட்டுட்டேன். "எல்லாரு பேரும் சொன்ன. நம்ம பேரை விட்டுட்டியேம்மா."

அவ கோவப்படல. என் சட்டைப் பொத்தானைப் பாத்துக்கிட்டே சொன்னா. "உங்க பேரை எழுதினேன் சார். எழுதி எழுதி அழிச்சேன். உங்களைப் பத்தி எழுதினா முழுசா எழுதணும். நன்றி சொல்லுத பக்கத்துல அது சேராது சார்." சொல்லிட்டு, "சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னு சாப்பாடு வச்சிருந்த பக்கம் கையைக் காட்டினா. எனக்குப் பசி இல்ல. நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன்.

பஸ் ஏறினதுல இருந்து அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வாரேன். முழுசா எழுத இடம் பத்தலைங்காளா? அவ்வளவு செஞ்சிருக்கேன், ஒரு வரியில அடங்காதுன்னு சொல்லுதாளா? அப்படித்தான் இருக்கணும். ஆனா சொல்லும்போது அவ மூஞ்சி அப்படி இல்ல. அதுதான் என்னமோ மாதிரி இருக்கு. நீங்க படிச்சவங்க மாதிரித் தெரியுது, நீங்க என்ன நினைக்கிய?

என்னது? சத்தமாக் கேளுங்க, எஞ்சின் இரைச்சல்ல விழல.

ஓ. அந்தப் பிள்ள கேட்ட உடனே ஏன் மெஷினை நிறுத்தலன்னா கேக்கிய?

அந்தக் கொச்சிக்காரன் கேட்டதையே நீங்களும் கேக்கிய. நிறுத்தியிருக்கலாம்ங்க. நிறுத்த ஒரு பொத்தானை அமுக்கினாப் போதும். ஆனா நிறுத்தியிருந்தா, அழிச்சது யாருன்னு அன்னைக்கே எப்படிங்க தெரிஞ்சிருக்கும்?